இரண்டு நாள் விடுப்பு

மயிலாடுதுறை பேருந்து நிலையத்தில்
மேற்கே போகிற வண்டியும்
கிழக்கே போகிற வண்டியும்
ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டிருந்தன.
நடுவில் நாங்கள், ஒரே ஒரு பையோடு.

பதினாலு மாதம் கழித்து
மீரான் மெடிக்கல்ஸ் முதலாளி
எனக்குத் தந்த இரண்டு நாள் அது.
கலியமூர்த்திக்கு எப்போதும் விடுப்புதான்,
அரிசி ஆலை மூடியதிலிருந்து.
அதை நான் அவரிடம் சொல்வதில்லை.

கடல் என்றார் அவர்.
தரங்கம்பாடிக்குப் போய்க் கோட்டைப் பக்கம்
காலை நீட்டிக்கொண்டு
ஒன்றுமே செய்யாமல் கிடக்கலாம் என்றார்.
ஒன்றும் செய்யாமல் கிடக்க
அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று
நாக்கு நுனி வரை வந்ததை
எச்சிலோடு விழுங்கினேன்.

எனக்குக் கும்பகோணம்.
கோபுரத்துக்காக இல்லை,
மகாமகக் குளத்துக்காகவும் இல்லை.
சாக்கடை நாற்றமும் காப்பிக்கொட்டை வாசமும்
ஒரே சந்தில் நுழைந்து
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகுமே, அதற்காக.
மாட்டுக்கும் மினிவேனுக்கும் நடுவில்
முந்தானையை இழுத்துச் செருகி
நானும் ஓர் ஆளாக நடக்க வேண்டும்.
ஆயிரம் வருஷமாக அழுக்கேறிக்கொண்டே
இன்னும் கடை திறந்து வைத்திருக்கிற ஊர்.
நாள் பூராவும் டெட்டால் வாசத்தில் நிற்கிறவளுக்கு
வேறென்ன வேண்டியிருக்கிறது.

சண்டை வரும் என்று நினைத்தேன்.
வரவில்லை.
சீப்பை அவர் எடுத்துக்கொண்டார்,
பற்பசையை நான்.
துண்டும் மாற்றுச் சட்டையும்
ஒரு ஜவுளிக்கடைக் கவருக்குள் போயின.
கையாட்டலாமா என்று யோசிப்பதற்குள்
இரண்டு வண்டிகளும்
முதுகைக் காட்டிவிட்டன.

லாட்ஜில் கேட்டார்கள்:
கூட யாரும் வரலையா?
அவர் கடலுக்குப் போயிருக்கார் என்றேன்.
மேனேஜர் குரலைத் தாழ்த்தி,
எப்பக் கரை திரும்புவார் என்றார்.
நாளைக்குச் சாயங்காலம்
என்று சொல்லிச் சாவியை வாங்கினேன்.

பாத்திரக்கடைத் தெருவில்
இடி வாங்கினேன், இடி கொடுத்தேன்.
ஒரு கரண்டிக்கு அரைமணி நேரம் பேரம் பேசி
வாங்காமல் வந்தேன்.
பிறகு கால் எங்கே போனதோ, போனேன்.
படித்துறையில்
மேட்டூரில் திறந்த தண்ணீர்
அன்றைக்குத்தான் வந்துகொண்டிருந்தது.
முதலில் நுரை, அப்புறம் பாலித்தீன்,
அப்புறம் ஒற்றைச் செருப்பு ஒன்று
யாரையோ முந்துகிற அவசரத்தில்.
அது எந்தப் பாலத்துக்கடியில் சிக்குமோ
என்று பார்த்துக்கொண்டே
இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்குப் போன் வந்தது.
காத்து பிச்சுக்கிட்டுப் போவுது என்றார்,
காற்றைவிடச் சத்தமாக.
காலை நீட்டிக் கால்மணி நேரம்கூட ஆகவில்லையாம்.
எவனோ ஒரு பையன்
ஐஸ் பெட்டிக்கு ஒரு கை கேட்டிருக்கிறான்.
ஒன்று தூக்கினாராம்.
இன்னும் நாலு நின்றதாம்.
பிறகு லாரி.
முந்நூறு ரூபாயும் ஒரு பை மத்தியும்
கையில் திணித்திருக்கிறார்கள்.
மீனை யாருக்கோ கொடுத்துவிட்டாராம்.
தோள்பட்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது
என்று அவர் சொன்னபோது
மூட்டை ஏற்றிவிட்டு வந்து
உமி ஒட்டிய கழுத்தோடு
சோறு கேட்கிற குரல் கேட்டது.
இரண்டு வருஷமாகக் கேட்காத குரல்.

கடல் எப்படி இருந்தது என்றேன்.
கடலா,
அது பக்கத்துல இருந்துச்சு என்றார்.

நீ என்ன பண்ணுன?
என்ன சொல்வது என்று தெரியவில்லை.
செருப்பைப் பற்றிச் சொன்னேன்.
ம் கொட்டினார்.
பிறகு, பல் வெளக்க எதுவும் இல்லையே என்றார்.
ஊர் முழுக்க உப்புத்தானே என்றேன்.
சிரித்தார். சீப்பு வேணுமா என்றார்.

வேண்டியிருக்கவில்லை.
மறுநாள் கலைந்த தலையோடே
தெருத் தெருவாகச் சுற்றினேன்.
அந்த ஊரில் ஒருத்தர்கூடத்
திரும்பிப் பார்க்கவில்லை.